குருவி விரட்டிய சீடி

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில் மட்டக்களப்பு வாவிக்கரை முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், கொம்பியூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாய்ப் போடுகிற லினக்ஸ் என்ற சொல்லை வாயில் எடுக்கிற ஆள் ஒருவன்தான் அகப்பட்டிருப்பான். காத்தான்குடி ஹலீம். முப்பத்தைந்து வயது. ரேடியோவும் கொம்பியூட்டரும் திருத்துகிற தொழில். கைக்கு ஓய்வு கிடைத்தாலும் வாய்க்குக் கிடைக்காது. ரேடியோ கொண்டுவந்தவரிடம் லினக்ஸ், மீன்காரரிடம் லினக்ஸ், கலியாண வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மாப்பிள்ளையின் வாப்பாவிடமும் லினக்ஸ்.

"காசும் இல்ல, களவும் இல்ல. உலகத்துல உள்ள ஆக்கள் எல்லாம் சேந்து செஞ்சி, எடுங்கோ எண்டு சும்மா தாறாங்க. வைரஸ் கிட்டயும் வராது," என்பான்.

"சும்மா தாற சாமானுக்குள்ள என்னமோ இரிக்கும்," என்று சொல்லி மாப்பிள்ளையின் வாப்பா இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஹலீம் விடுகிற ஆளா? டவுனில் இன்ரநெற் கடையில் உட்கார்ந்து எங்கேயோ வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டான். இரண்டு மாதம் கழித்து பத்து உறைகள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. சும்மா வரவில்லை. வழியில் எத்தனை சோதனைச் சாவடியோ, அத்தனை பேரும் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பழையபடி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வோர் உறையிலும் இரண்டு சீடி. ஒன்றைப் போட்டால் கொம்பியூட்டரில் இருந்த பழையதையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் குடியேறிவிடும். மற்றது அப்படியில்லை. உள்ளே இருப்பது எதையும் தொடாமல், சீடியில் இருந்தபடியே லினக்ஸ் ஓடும். வெளியே எடுத்துவிட்டால் பழையபடி எல்லாம் இருக்கும்.

பத்து உறையையும் ஹலீம் சந்தோசத்தில் ஒரே வாரத்தில் பங்கிட்டு முடித்தான். தனக்கென்று ஒரு துடைக்கிற சீடியை மட்டும் வைத்துக்கொண்டான். வாங்கிய ஒருவரும் அதைக் கொம்பியூட்டரில் போடவில்லை. ஒருவர் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தார். ஒருவர் ஓட்டோவின் கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிட்டார். மங்கையற்கரசி மேசை லாச்சிக்குள் போட்டாள்.

மங்கையற்கரசியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கதை அவளுடையது. காத்தான்குடிக்குத் தெற்கே, வாவிப் பக்கமாகக் கிடக்கிற சின்னத்துறை என்ற ஊரின் எல்லையில் 'மங்கை ரைப்பிங் சென்ரர்' என்று ஒரு கடை. மூன்று கொம்பியூட்டர், ஒரு பிரின்ரர், கரண்ட் போனால் கீச்சிடுகிற ஒரு யூபிஎஸ். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. தட்டச்சில் அவள் விரல் ஓடும்போது பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். கோபமும் அதே வேகத்தில் வரும், அதே வேகத்தில் போகும். கூட இருப்பவள் ஸகியா, காத்தான்குடிப் பெண், ஒரே வகுப்பில் ஒரே பாமினி எழுத்துரு விசைப்பலகையில் தமிழ் அடிக்கப் பழகியவள், பத்து வயது இளையவள். இருவரும் சண்டை பிடிக்காத நாள் கடை திறக்காத நாள்தான்.

"ஹலீம் தம்பி, இதுக்குள்ள பாமினி இரிக்கா?" என்று மங்கை முதல் நாளே கேட்டாள்.

"இல்ல அக்கா. ஆனா..."

"ஆனாவ நீ வச்சிக்க. எனக்குப் பாமினி இல்லாம தமிழ் இல்ல."

அந்த விவாதம் அத்தோடு முடிந்தது. லாச்சிக்குள் கிடந்த சீடிகளுக்கு ஒரு வாரத்தில் வேறு வேலை கிடைத்தது.

கோணாமலையார் வந்திருந்தார். அறுபத்தைந்து வயது, உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே பதினெட்டு ஏக்கர் வயல் வட்டை வைத்திருக்கிற மனிதர். சிறுபோகத்துக்கு நெல் விதைத்திருந்தார். புறாவும் குருவியும் விதையைப் பொறுக்கி முடிக்கின்றன என்று புலம்பினார். பளபளவென்று ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் வெயில் பட்டு மினுங்கும், குருவி அண்டாது என்று யாரோ சொன்னார்களாம்.

"இந்தாங்க பெரியப்பா," என்று லாச்சியில் இருந்த இரண்டையும் மங்கை எடுத்துக் கொடுத்தாள். "இன்னும் வேணுமெண்டா ஹலீம் ஊரெல்லாம் குடுத்து வச்சிரிக்கான், போய்க் கேளுங்க."

அவர் போய்க் கேட்டார். தேத்தண்ணிக் கோப்பைக்காரரும் ஓட்டோக்காரரும் சந்தோசமாய்க் கழற்றிக் கொடுத்தார்கள். எட்டு நாளில் பதினொரு சீடி உன்னிச்சை வட்டையில் தும்புக் கயிற்றில் ஆடின. குருவி வரவில்லை என்றே கேள்வி. ஆக, எங்கள் பக்கத்தில் லினக்ஸ் முதன்முதல் பயன்பட்டது வயலில்தான்.

இந்தக் கோணாமலையார் சும்மா ஒரு விவசாயி மட்டும் அல்ல. சின்னத்துறைக் கண்ணகை அம்மன் கோயிலில் இரண்டு குடிகளுக்கு உரிமை. ஒன்று வேலாப்போடி குடி, மற்றது சிங்காரப்போடி குடி. குடி என்பது இங்கே தாய் வழியாக வருவது. பிள்ளை தாயின் குடி, தகப்பன் எவ்வளவு பெரிய வயல்காரப் போடியாராய் இருந்தாலும் சரி. கோணாமலையார் வேலாப்போடி குடிக்குத் தலைவர். சிங்காரப்போடி குடிக்குத் தலைவர் வினாயகமூர்த்தி. இருவரும் முறைக்கு மச்சான்மார். 'மச்சான்' என்று அழைத்துக்கொண்டே மூன்று வருசமாக முகம் பார்க்காமல் இருந்தவர்கள்.

சண்டை வேறொன்றுக்கும் இல்லை. வைகாசியில் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கடைசி நாள் குளிர்த்தி, அம்மாளைக் குளிரவைக்கப் பாடுகிற சடங்கு. அந்தக் குளிர்த்தி எந்தக் குடிக்கு என்பதுதான் கேள்வி. இதனால் மூன்று வருசமாகக் குளிர்த்தி பாடவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை. கதவு திறந்து ஒரு பூசை, கதவு பூட்டு. சனங்களுக்கு மனம் ஆறவேயில்லை. நாட்டில் சண்டையை நிறுத்தி ஒப்பந்தம் போட்டே மூன்று வருசம் ஆகிவிட்டது, இந்த இரண்டு மச்சான்மாரும் போடுகிறார்கள் இல்லையே என்று பெண்கள் கிணற்றடியில் சபித்தார்கள்.

கடைசியில் அந்த வைகாசியில் இருவரும் இறங்கி வந்தார்கள். இடம் மங்கையின் கடை. சொல்லச் சொல்ல அவள் அடிக்க வேண்டும். அடித்தது உள்ளபடியே நோட்டீசாக வர வேண்டும்.

அது என்ன இருப்பு! காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மத்தியானம் இரண்டு தாண்டியது. முதல் வருடம் குளிர்த்தி வேலாப்போடி குடிக்கு, மறு வருடம் சிங்காரப்போடி குடிக்கு, இப்படியே மாறி மாறி. சரி. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே? அதற்கு ஒரு மணித்தியாலம். 'திரு' முன்னால் வருமா, 'அவர்கள்' பின்னால் வருமா? அதற்கு முக்கால் மணித்தியாலம். மங்கை அடித்து, அழித்து, அடித்து, அழித்து, பெருவிரல் மரத்துப் போயிற்று. கடைசியில் கோணாமலையார் எழுந்து நின்று சொன்னார்:

"இதையும் போடு புள்ள. இதில உள்ளதில ஒரு எழுத்தக் கூட்டவும் கூடா, குறைக்கவும் கூடா. உள்ளபடி அச்சில வரோணும். மீறினா அம்மாள் கேப்பா."

"ஓம், போடு," என்றார் வினாயகமூர்த்தி. மூன்று வருசத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் வசனம் அது.

அவள் அதைப் போட்டு முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. "நாள் வேற செவ்வாய், வெள்ளிக்கிழம நல்ல நேரத்தில அடிப்பம்," என்று இரு தலைவர்களும் எழுந்து ஆளுக்கொரு பக்கமாகத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். பசியும் எரிச்சலுமாக இருந்த மங்கை, யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்க, ஆத்திரத்தில் இன்னும் ஏதோ தட்டி, சேமித்து, கொம்பியூட்டரை மூடினாள்.

புதன்கிழமை ஒரு கலியாணக் கார்ட்டுக்காரர் கொண்டுவந்த பிளொப்பியில் வைரஸ் வந்தது. வியாழக்கிழமை அந்தக் கொம்பியூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரை, நடுவில் வெள்ளையாய் ஒரு வரி, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் இரண்டு மச்சான்மாரும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்கள். மங்கை நடந்ததைச் சொன்னாள். கோணாமலையாரின் முகம் இறுகிப் போயிற்று.

"முதல் வருசம் குளிர்த்தி எங்கட குடிக்கு. அது பொறுக்கயில்ல," என்றார்.

"என்ன பெரியப்பா சொல்றீங்க?"

"நீ ஆர்ர குடி? சிங்காரப்போடி குடி. வினாயகமூர்த்தி உனக்கு ஆரு? தாய்ர கூடப்பிறந்தவன், சொந்த மாமன். வேற என்னத்தச் சொல்ல?"

"நானோ அழிச்சன் எண்டு சொல்றீங்க?"

"நான் சொல்லல்ல. ஊர் சொல்லும்."

ஊர் சொல்லத்தான் செய்தது. பொழுது சாய்வதற்குள் சின்னத்துறை முழுவதும் பரவிவிட்டது. மங்கை தன் குடிக்காக ஒப்பந்த ஏட்டை அழித்துவிட்டாளாம். இன்னொரு தடவை அடித்துத் தருகிறேன் என்றாலும் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. ஐந்து மணித்தியாலச் சண்டையை யார் திரும்பப் பிடிப்பது? அதுவும் அவள் கையில்?

மங்கைக்கு அழுகை வரவில்லை, நெஞ்சுக்குள் எரிந்தது. கடை போனால் போகட்டும், பெயர் போனால் எப்படி? பதினெட்டு வருசமாக அந்தக் கதிரையில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு அடித்திருப்பாள்? பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடித் தரும்படி செஞ்சிலுவைக்கு எழுத வந்த தாய்மார், புருசனிடம் கூடச் சொல்லாததை அவள் காதுக்குள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல் அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை, ஒரு சொல் மாறினதில்லை. இனி எந்தத் தாய் நம்பி வந்து உட்காருவாள்?

"ஹலீமக் கூப்பிடு," என்றாள் ஸகியாவிடம்.

ஹலீம் வந்தான், பெட்டியைத் திறந்தான், மூடினான், தாடியைச் சொறிந்தான். பிறகு அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. மங்கைக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல் இருந்தது.

"அக்கா, ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இரிக்கு. விண்டோஸ்தான் எழும்புதில்ல. லினக்ஸ் சீடியப் போட்டா எழும்பும், மறுகா உள்ள இரிக்கிறத எடுத்துப் பாக்கலாம்."

"போடு அப்ப!"

"எங்கிட்ட இரிக்கிறது துடைக்கிற சீடி. அதப் போட்டா ஏடும் போயிரும். தொடாத சீடிதான் வேணும். உங்களுக்கு ஒண்டு தந்தனே?"

மங்கை ஸகியாவைப் பார்த்தாள். ஸகியா கூரையைப் பார்த்தாள்.

"வட்டையில," என்றாள் மங்கை.

"எந்த வட்டையில?"

"உன்னிச்சையில. குருவி விரட்டுது."

ஹலீம் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "அல்லாஹ்! உலகத்துல உள்ள ஆக்கள் எல்லாம் சேந்து செஞ்சத..." என்று தலையில் கை வைத்தான்.

யார் போய் எடுத்து வருவது? உன்னிச்சை வாவிக்கு அப்பால், படுவான்கரையில். இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம், நடுவில் வவுணதீவுச் சாவடிகள். கோணாமலையார் தானே போகிறேன் என்றார். அவர் தனியே போனால் சீடியில் ஏதாவது செய்துவிடுவார் என்று வினாயகமூர்த்தி சொன்னார். வினாயகமூர்த்தி போகட்டும் என்றால் கோணாமலையார் சம்மதிக்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், சின்னத்துறை சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, இரண்டு மச்சான்மாரும் வினாயகமூர்த்தியின் மோட்டார் சைக்கிளில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

பின்னேரம் திரும்பி வந்து வினாயகமூர்த்தி சொன்ன கதையைக் கேட்டு ஸகியா மேசையில் முகத்தை வைத்துச் சிரித்தாள். போகும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். வரும்போதுதான் சோதனை. கோணாமலையார் தும்புக் கயிற்றோடு பதினொரு சீடியையும் மாலையாய்க் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். இயக்கப் பெடியன் கேட்டானாம், இது என்ன ஐயா என்று. குருவி விரட்டுறது என்றாராம். போங்க என்று விட்டுவிட்டான். ஆமிக்காரன் விடவில்லை. "குருவிக்குப் படம் காட்டுறதா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டு, அவனும் சிரித்து, மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டி, அரை மணித்தியாலம் மறித்து வைத்தானாம்.

"அரை மணித்தியாலமும் நானும் மச்சானும் ஒரு மரத்துக்குக் கீழ நிண்டம்," என்றார் வினாயகமூர்த்தி. "மூணு வருசத்துக்குப் பிறகு சுகம் விசாரிச்சான்."

"நீதான் முதல் கேட்டாய்," என்றார் கோணாமலையார்.

மறுநாள் திங்கள். அன்றைக்குப் பார்த்துக் கர்த்தால். யார் அழைத்தார்கள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் டவுனில் கடையெல்லாம் பூட்டு, பஸ் இல்லை. மங்கை ஒற்றைக் கதவை மட்டும் திறந்து வைத்தாள். உள்ளே இரண்டு தலைவர்கள், குடிக்கு இரண்டு பேர் சாட்சி, ஹலீம், ஸகியா. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி ஊர்.

பதினொரு சீடியில் தொடாத வகை ஆறு. சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய சேலைத் துணியால் ஹலீம் ஒவ்வொன்றாய்த் துடைத்தான். நடுவில் ஓட்டை இருந்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லாவிட்டால் கோணாமலையார் ஆணி அடித்தே ஓட்டை போட்டிருப்பார். முதல் சீடி ஓடவில்லை. இரண்டாவது கரகரத்து நின்றது. மூன்றாவதும் அப்படியே. நாலாவதை எடுக்கும்போது ஹலீம் பிஸ்மி சொன்னான். வெளியே ஜன்னலில் யாரோ "அம்மாளே" என்றார்கள்.

திரை மண்ணிறமாய் மாறியது. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு புது உலகம் எழும்பி வந்தது. ஹலீமின் கண் கலங்கியிருந்ததை மங்கை பார்த்தாள். இந்த மனிதன் எத்தனை நாளாய் இதைக் காட்டத் துடித்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தான். கோப்பு இருந்தது! செவ்வாய்க்கிழமைத் திகதி, இரண்டு மணி பதினேழு நிமிசம். அவன் அதைத் திறந்தான்.

திரை முழுக்க ஆங்கில எழுத்து. சின்னது, பெரியது, அரைப்புள்ளி, காற்புள்ளி, ஒன்றுக்கும் அர்த்தம் இல்லை.

"இதென்ன இங்கிலீசு?" என்றார் கோணாமலையார்.

"பாமினி இல்லாததால..." என்று ஹலீம் இழுத்தான். பாமினி எழுத்துரு ஏறியிருந்தால்தான் அந்த ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாய்த் தெரியும். லினக்ஸுக்குள் எழுத்துருவை எப்படி ஏற்றுவது என்று அப்போது அவனுக்குத் தெரியாது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. "இங்க மத்த ரெண்டுலயும் பிளொப்பி ஓடாது. பிளொப்பியில எடுத்தா டவுன்ல வேற கொம்பியூட்டர்ல..."

"இண்டைக்குக் கர்த்தால். நாளைக்குப் போறதெண்டா, போற வழியில மாத்த மாட்டீங்க எண்டதுக்கு ஆர் பொறுப்பு?" என்றார் கோணாமலையார்.

"தள்ளு," என்றாள் மங்கை.

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாமினி இல்லாவிட்டால் என்ன, அவள் இருக்கிறாளே. பத்து வருசமாகப் பாமினியில் எந்த விசையைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று விரலுக்குத் தெரியும். திரையில் தெரிவது தட்டிய விசைகள்தானே. அவள் வெறும் மேசையில் பத்து விரலையும் வைத்து, ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்துத் தட்டத் தொடங்கினாள்.

"பெரிய கே... மு. சின்ன ஜே... த. வை, அரைப்புள்ளி... ல். முதல். முதல் வருடம் குளிர்த்தி..." வேகம் பிடித்தது. "முதல் வருடம் குளிர்த்தி வேலாப்போடி குடிக்கு. மறு வருடம் சிங்காரப்போடி குடிக்கு..."

சாட்சிக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். 'திரு' வந்தது, 'அவர்கள்' வந்தது, அம்மாள் கேட்பாள் என்ற கடைசி வசனமும் வந்தது. அதற்குக் கீழேயும் ஒரு வரி இருந்தது.

மங்கையின் விரல்கள் மேசையிலேயே நின்றுவிட்டன. யூபிஎஸ் கத்திய அந்த நேரத்தில் தான் என்ன தட்டினாள் என்பது அந்தக் கணம்தான் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. காது இரண்டும் சுட்டது.

"அவ்வளவுதான்," என்று எழும்பினாள்.

கோணாமலையார் சும்மா இருப்பாரா? "நல்லாத்தான் வாசிச்சாய். எங்களுக்கு விளங்காத எழுத்த நீ வாசிச்சாய். உள்ளதத்தான் வாசிச்சாய் எண்டு நாங்க எப்பிடி நம்புற?"

"நான் வாசிக்கவா?" என்றாள் ஸகியா. "எனக்கும் அந்த விசைதான். உங்கட ரெண்டு குடியிலயும் நான் இல்ல. அக்கா வாசிக்கக்குள்ள நான் கேட்டுட்டன் எண்டு சொல்லுவீங்க. பரவால்ல, கீழ இரிந்து மேல வாசிக்கிறன்."

அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்தது. மங்கை மட்டும் குறுக்கே கையை நீட்டினாள். "ஸகியா, வேணாம் புள்ள," என்றாள். அந்த 'வேணாம்' போதும், கோணாமலையாரின் புருவம் மேலே ஏறிவிட்டது.

"வாசி மகள்," என்றார்.

அப்படி எழுத்தெழுத்தாய் வாசிக்கிறவர்களுக்கு வாய் முன்னால் போகும், கருத்துப் பின்னால்தான் வரும். ஸகியா மேசையில் தட்டித் தட்டி, கடைசி வரியை உரத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

"இந்த... ரெண்டு... கிழடுகளுக்கும்... அம்மாளே... நீதான்... புத்தி... குடுக்கோணும்."

வாசித்து முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

வினாயகமூர்த்தி மருமகளைப் பார்த்தார். மங்கை தரையைப் பார்த்தாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

"இத நீயோ அடிச்சாய்?" என்றார் கோணாமலையார்.

"ஓம் பெரியப்பா," என்றாள். "பசி. ஆத்திரம். வெள்ளிக்கிழம வந்து அழிப்பம் எண்டு இரிந்தன்."

கோணாமலையார் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாடையைத் தடவினார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு வயிற்றில் இருந்து கிளம்பி, மேலே வந்து, கடைசியில் இருமலாய் வெடித்தது.

"மச்சான்! மச்சான், விளங்குதா? இவள் இந்த ஏட்டில கை வச்சிரிந்தா, முதல் முதல் எத அழிச்சிரிப்பாள்? இதயெல்லோ!"

வினாயகமூர்த்தி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார், சாட்சிக்காரர் நாலு பேரும் சிரித்தார்கள், ஜன்னலில் தொடங்கிய சிரிப்பு வாவிக்கரை வரைக்கும் போயிற்று. ஸகியா மீதியையும் கீழிருந்து மேலே வாசித்தாள். எழுதியதோடு ஓர் எழுத்து மாறவில்லை. கோணாமலையார் எழுந்து வந்து மங்கையின் தலையில் கை வைத்தார்.

"பிழையாச் சொல்லிப்போட்டன் புள்ள. மனசில வச்சிக்காத."

ஊர் முழுவதும் கேட்க அவர் அதைச் சொன்னார். அப்போதுதான் மங்கைக்கு அழுகை வந்தது. மூன்று நாளாய்ச் சேர்ந்திருந்த அழுகை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தக் கடைசி வரிய எடுத்திட்டு அச்சுக்குக் குடுப்பம்," என்றாள்.

"எப்பிடி எடுக்கிற?" என்றார் வினாயகமூர்த்தி. "ஒரு எழுத்தக் கூட்டவும் கூடா, குறைக்கவும் கூடா. மச்சான்ட வாய்ச்சொல், நானும் ஓம் எண்டு சொன்னன். அம்மாள் கேப்பா."

கோணாமலையார் யோசித்தார். தப்ப வழியில்லை. மூன்று வருசத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே வசனம் அல்லவா!

ஆக, அந்த வைகாசியில் சின்னத்துறைக் கண்ணகை அம்மன் குளிர்த்தி நோட்டீஸ் மஞ்சள் தாளில் சிவப்பு மையில், அந்தக் கடைசி வரியோடு வெளிவந்தது. மதிலில் ஒட்டிய இடத்திலெல்லாம் சனம் கூடி நின்று வாசித்தது. களுதாவளையில் இருந்தெல்லாம் ஆட்கள் ஒரு பிரதி கேட்டு வந்தார்கள். குளிர்த்திக்கு அவ்வளவு சனம் முன்னொருபோதும் வந்ததில்லை.

லினக்ஸ் ஒரே நாளில் வென்றுவிட்டது என்று ஹலீம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அது பச்சைப் பொய். விண்டோஸைத் திரும்பப் போடுகிற வரைக்கும் சீடியில் ஓடட்டும் என்றுதான் மங்கை விட்டாள். அதில் கடிதம் அடிக்கலாம் என்று ஒரு மாதத்தில் தெரிந்தது. எழுத்துருவை ஏற்றுகிற வழியை ஹலீம் மூன்றாம் மாதத்தில் கண்டுபிடித்து, இரவிரவாய்க் கண்டுபிடித்ததாய்ப் பீற்றினான். பிரின்ரர் தீபாவளிக்குப் பிறகுதான் வழிக்கு வந்தது. இடையில் மங்கை அவனை ஏசிய ஏச்சைத் தனிப் புத்தகமாய்ப் போடலாம். இருந்தும் வைரஸ் வரவில்லை. மற்ற இரண்டு கொம்பியூட்டரும் மாறி மாறிப் படுத்தபோது, "சரி, இதுக்கும் உன்ட அதையே போட்டுத் தொலை," என்று அவளே சொன்னாள். மூன்றாவது கொம்பியூட்டரில் விண்டோஸ் வேண்டும் என்று கடைசி வரைக்கும் பிடிவாதம் பிடித்தவள் ஸகியா. அதில் சீட்டு விளையாட்டு இருந்தது. லினக்ஸிலும் இருக்கிறது என்று காட்டிய அன்று அவளும் விழுந்தாள்.

கோணாமலையாருக்கு வேறொரு கவலை. வட்டையில் குருவி திரும்ப வந்துவிட்டது. ஹலீம் வெளிநாட்டுக்கு இன்னொரு தடவை எழுதிப் போட்டான். இந்த முறை பெட்டி வந்ததும் பழுதான பழைய சீடி வயலுக்கு, புதியது கடைக்கு என்று எழுதாத ஒப்பந்தம்.

அடுத்த வைகாசி வரும்போது நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. வவுணதீவில் சாவடி அடிக்கடி பூட்டுப்பட்டது. என்றாலும் கதவு திறக்கத்தானே வேண்டும். குளிர்த்தி இந்த வருடம் சிங்காரப்போடி குடிக்கு. இரண்டு மச்சான்மாரும் ஒரே மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்தார்கள். மங்கை லினக்ஸில் போன வருச ஏட்டைத் திறந்தாள். தமிழ் தமிழாகவே தெரிந்தது. திகதியை மாற்றினாள், குடியை மாற்றினாள், கடைசி வரிக்கு வந்து நிறுத்தினாள்.

"பெரியப்பா, ஒப்பந்தம் போன வருச நோட்டீசுக்குத்தானே. இந்த வருசம் இத எடுத்திருவமா?"

கோணாமலையார் திரையைக் குனிந்து பார்த்தார். மச்சானைப் பார்த்தார். வெளியே தூரத்தில் எங்கேயோ ஷெல் சத்தம் கேட்டது.

"கிடக்கட்டும் புள்ள," என்றார். "அம்மாள் இன்னும் புத்தி குடுத்து முடிக்கல்ல."